தளிர் தேடிய இளைஞர்

தமிழ்த் தாத்தா என்று நாம் அன்போடு அழைக்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் திருவுருவப் படத்தை நம்மில் பலர் சிறு வயது முதலே பார்த்திருக்கிறோம். தலைப்பாகையும் மேலாடையும் அணிந்த அம்முதியவரைக் காணும்போது, அவரும் ஒருகாலத்தில் பாடம் விளங்காமல் விழித்த சிறுவராக இருந்தார் என்னும் எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்த வரலாற்றை விழாதோறும் சொல்லி மகிழ்கிறோம். அவர் இளமையில் எவற்றைப் படித்தார், எவ்வாறு படித்தார் என்பதைச் சொல்வது குறைவு. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் குடியேறி, நம் மக்களுக்குப் பழந்தமிழ் நூல்களை எந்த வயதில் கொடுப்பது என்று தயங்கி நிற்கும் நமக்கு அப்பகுதியே மிகவும் வேண்டுவதாகும்.

சோழ நாட்டில், பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள் ஐயரவர்கள் பிறந்தார்கள். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். இராமாயணத்தை இசையோடு எடுத்துச் சொல்லி, அதனால் வரும் வருவாயைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர். ஓரூரில் நிலையாக இருந்து வாழும் வசதி அக்குடும்பத்திற்கு இல்லை. ஆதரிப்பார் உள்ள ஊர் எதுவோ அதுவே அவர்களுக்குச் சொந்த ஊர். பிழைப்பை நாடி ஊர் மாறுவது எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஆனால் வேங்கடசுப்பையர் ஊர் மாறும்போதெல்லாம் இன்னொன்றையும் விசாரித்தார். மகனுக்குத் தமிழ் சொல்லித் தரத்தக்கவர் அவ்வூரில் இருக்கிறாரா என்பதே அது.

அரியலூரில் சடகோப ஐயங்கார் கிடைத்தார். சிறுவரின் உள்ளத்தில் தமிழ்ச்சுவையை முதன்முதலாக ஊட்டியவர் அவரே. ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால் அதன் நயத்தில் தாமே தோய்ந்து நெடுநேரம் பேசுவது அவர் இயல்பு. கேட்கும் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிற்று என்று சொல்ல இயலாது. ஆயினும், பெரியவர் ஒருவர் தம்மை மறந்து மகிழும்படி அச்சில அடிகளில் ஏதோ இருக்கிறது என்பது விளங்கிற்று. அது போதுமானதாக இருந்தது. பின்னர்க் குன்னத்தில் திருவிளையாடற் புராணம் பாடமாயிற்று. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையும் கற்றார். இலக்கணமும் யாப்பும் முதிர்ந்தோரே கற்கத் தயங்குபவை. அவற்றைக் கற்றபோது அவருக்குப் பதினேழு வயது ஆகவில்லை.

அக்காலத்தில் அச்சிட்ட நூல்கள் அருமை. கிடைத்த ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை நெட்டுருச் செய்ய வேண்டும். பொருள் இன்று தெரியாவிட்டால் நாளை தெரியும் என்று பாட்டை நினைவில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இவ்வாறு காத்திருந்து கற்கும் பழக்கமே பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று. வீட்டு நிலையோ இதற்கு இடம் கொடுப்பதாக இல்லை. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் உண்டு. குலவித்தையாகிய சங்கீதம் படித்தால் சபைகளில் மதிப்பு உண்டு. தமிழ் படித்துப் பெறுவது என்ன என்று சுற்றத்தார் கேட்டனர். அக்கேள்வி நம் இல்லங்களிலும் இன்றும் ஓய்ந்தபாடில்லை. இளைஞருக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஆசையை விடவும் முடியவில்லை.

அந்நாளில் தமிழ்நாடு முழுவதும் பெரும்புலவராகப் போற்றப்பெற்றவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1871-ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், ஐயரவர்கள் தந்தையாருடன் மாயூரம் சென்று அவரை வணங்கினார்கள். பிள்ளையவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பாடம் கேட்க வருபவர் பலர் என்றும், சில நாள் இருந்துவிட்டு இடையிலே போய்விடுகிறார்கள் என்றும் வருத்தத்தோடு சொன்னார். தந்தையார் மகனின் உறுதியை எடுத்துரைத்தார். தாம் கற்றிருந்த நைடதத்திலிருந்து ஒரு செய்யுளை இளைஞர் அச்சத்தோடு சொல்லிக் காட்டினார். ஆசிரியர் மனம் இசைந்தது. வேங்கடராமன் என்னும் பிள்ளைத்திருநாமமும் அங்கேதான் மாறிற்று. வீட்டில் வழங்கிவந்த சாமிநாதன் என்னும் பெயரையே பிள்ளையவர்கள் விரும்பியதால் அதுவே நிலைத்தது.

ஆனால் ஆசிரியர் நேரே பாடஞ்சொல்லத் தொடங்கவில்லை. அவருக்கு ஓய்வில்லை. மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் முதலில் படிக்கும்படி ஏற்பாடாயிற்று. கடலை நாடி வந்தவனுக்குக் கால்வாய் காட்டியது போல இளைஞர் உள்ளம் ஏங்கிற்று. தம் குறையை வாய்விட்டுச் சொல்லும் துணிவும் இல்லை.

பிள்ளையவர்கள் புதிதாக வாங்கிய வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மரங்களும் செடிகளும் வைத்திருந்தார். நாள்தோறும் விடியற்காலையில் சென்று, எந்தச் செடி தளிர்விட்டிருக்கிறது என்று பார்ப்பதில் அவருக்குப் பேரின்பம். இதனைக் கவனித்த சாமிநாதர் அவருக்கும் முன்பே எழுந்து தோட்டத்திற்குச் சென்றார். ஒவ்வொரு கிளையையும் ஆராய்ந்து, புதிய தளிர் இருக்கும் இடங்களை மனத்திற் குறித்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் அவற்றைக் காட்டினார். அவர் முகம் மலர்ந்தது. சில நாள் இவ்வாறு கழிந்தபின், அந்தத் தனிமையில், தங்களிடமே நேரே பாடம் கேட்க வேண்டும் என்று தம் வேட்கையை வெளியிட்டார். அன்று முதல் அவர் விரும்பியது கிடைத்தது. அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கலம்பகங்களும் புராணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடமாயின.

இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்தில் வாழ்ந்தார். சங்கீதத்தை விட்டுவிடலாகாது என்பது தந்தையாரின் கட்டளையாதலின், ஐயரவர்கள் அவரிடம் இசை பயின்றுவந்தார்கள். அது தமிழ்க் கல்விக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதுவதை அறிந்ததும் அப்பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். தந்தையின் செல்வத்தைத் துறப்பது ஓர் இளைஞனுக்கு எளிதன்று.

ஏறக்குறைய ஐந்தாண்டுகள் இக்கல்வி நடந்தது. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய இறுதி நேரத்தில் அருகிருந்து திருவாசகத்தை ஓதியவர் ஐயரவர்கள். இருபத்தொரு வயது நிரம்பாத அம்மாணாக்கர், தந்தையை இழந்தவர்போலக் கலங்கினார்.

1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. வயது இருபத்தைந்து. கற்க வேண்டியவை பெரும்பாலும் கற்றாகிவிட்டன என்று எவரும் எண்ணக்கூடிய நிலை. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார்கள். என்னென்ன நூல்கள் படித்ததுண்டு என்று முதலியார் வினவினார். ஐயரவர்கள் நீண்டதொரு பட்டியலைச் சொன்னார்கள். முதலியார் முகத்தில் வியப்பு இல்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சீவக சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் படித்திருக்கிறீரா என்று கேட்டார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நாணமுற்று விலகிவிடுவோர் உண்டு. சினங்கொள்வோரும் உண்டு. ஐயரவர்கள் முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கி வந்து, மாயூரத்தில் நைடதத்தைத் திறந்த இளைஞரைப்போல முதல் ஏட்டிலிருந்து தொடங்கினார்கள். நச்சினார்க்கினியர் உரையிருந்தும் சமண சமயக் கருத்துக்கள் விளங்கவில்லை. சைவ மடத்தில் பயின்ற அப்பெரியார் கும்பகோணத்துச் சமண அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று, அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வந்தன. 1937-இல் குறுந்தொகையை வெளியிட்டபோது அவருக்கு எண்பத்திரண்டு வயது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தார்.

விளங்காத நூலின் முன் அஞ்சாமல் அமரும் ஆற்றல் இருபத்தைந்தாம் வயதில் திடீரென்று வந்ததன்று. அரியலூரிலும் செங்கணத்திலும், தம் வயதுக்கு மிஞ்சிய நூல்களைச் சுமந்து திரிந்த சிறுவர் அதனைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்தார். அன்று யாரேனும், இது உன் பருவத்திற்கு ஏற்றதன்று என்று ஏட்டைப் பிடுங்கி வைத்திருந்தால், சிந்தாமணியின் முன்னும் அவர் கை தளர்ந்திருக்கக்கூடும். அவ்வாறே, நூலை மட்டும் கையில் கொடுத்துத் தனியே விட்டிருந்தாலும் அவர் கல்வி நின்றிருக்கும். ஒவ்வோரூரிலும் பக்கத்தில் அமர்ந்து சொல்ல ஒருவர் இருந்தார். அப்படி ஒருவரைத் தேடித் தரத் தந்தை ஒருவர் நடந்தார்.

நம் குடியிருப்பில் வளரும் மகனோ மகளோ, அலமாரியின் மேல்தட்டிலுள்ள சிலப்பதிகாரத்தையோ கம்பராமாயணத்தையோ ஒருநாள் தாமாகவே எடுத்துப் பிரிக்கக்கூடும். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைக்கு இதில் பாதி கூட விளங்காதே என்று நமக்குத் தோன்றும். விளங்காதுதான். நமக்கும் முழுவதும் விளங்காமல் இருக்கலாம். அதனைச் சொல்லிக்கொண்டே அருகில் அமர்ந்து ஒரு பாட்டைச் சேர்ந்து படிக்கலாம். தமிழறிந்த முதியோர் அண்டை வீட்டில் இருந்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு அவரிடம் செல்லலாம். வேங்கடசுப்பையர் ஊர்விட்டு ஊர் சென்று தேடியதை, நாம் தெருவைக் கடந்து தேடினாலும் போதும். தளிர் எந்தக் கிளையில் விடும் என்பது விடியற்காலையில் எழுந்து பார்ப்பவர்க்கே தெரியும்.