துபாஷி ஆனந்தரங்கர்

திண்டிவனத்தினின்று புதுவைக்குச் செல்லும் நெடுஞ்சாலை வானூர் வட்டத்து ஊர்களை ஊடறுத்துச் செல்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இந்நிலப்பரப்பு முழுதும் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் நவாப்புகளின் குதிரைகளும் மாறிமாறி மிதித்த களமாக இருந்தது. செஞ்சி, பெருமுக்கல், வந்தவாசி என்னும் பெயர்களை நாம் பரீட்சையின் பொருட்டுப் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைச் சரித்திர நூல்கள் கூறும். அடிபட்ட குடிகள் யார் என்பதை அவை அரிதாகவே கூறும். அதனைத் தமிழில், தம் கைப்பட எழுதிவைத்த பெரியார் ஒருவர் உளர். அவரே புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை.

அவர் 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மைந்தராகத் தோன்றினார். உறவினர் நைனியப்ப பிள்ளை புதுவையில் பிரெஞ்சுக் கம்பெனியாரின் தலைமைத் துபாஷியாக விளங்கியமையால் அக்குடும்பம் அந்நகர்க்குக் குடிபெயர்ந்தது. ஆனால் நைனியப்பரோ பொய்க்குற்றம் சாட்டப்பெற்றுச் சிறையுண்டு, 1717-இல் அச்சிறையிலேயே உயிர்நீத்தார். அவர் மகனார் குருவப்ப பிள்ளை கடல்கடந்து பிரான்சு தேசம் சென்று முறையிட்டு நீதி பெற்றார். இறந்தவர்க்கு அந்நீதியால் வந்த பயன் யாது? இளமையிலேயே இக்கதையைக் கேட்டு வளர்ந்த ஆனந்தரங்கர், அதிகாரத்தின் அருகில் நிற்பது நெருப்பின் அருகில் நிற்பது போன்றதென நன்குணர்ந்திருப்பார். எனினும் அவரும் அந்நெருப்பின் அருகிலேயே தம் வாழ்நாளைக் கழித்தார்.

தந்தையார் 1726-இல் காலமாயினார். மகனார் வாணிபத்தில் வல்லவராகிப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையை மேற்பார்த்தார். தமக்கெனக் கப்பலும் உடையவரானார். 1742-இல் துய்ப்ளே கவர்னராக வந்தபின் அவர் செல்வாக்கு உயர்ந்தது. 1747-இல் தலைமைத் துபாஷிப் பதவியும் அவரை அடைந்தது. புலவர்கள் அவரைப் பாடினர். பல்லக்கும் மேளவாத்தியமும் அவர்க்கு முன் சென்றன. இவற்றை விரித்துரைக்க யான் விரும்பவில்லை. செல்வர் சரித்திரமெல்லாம் இவ்வாறே இருக்கும்.

அவரை நாம் நினைப்பது பிறிதொரு செயல்பற்றியே. 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் அவர் ஒரு கணக்குப் புத்தகத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் அது தொடர்ந்தது. இலக்கணம் கற்ற நம்மவர் அதன் நடையைக் கண்டு முகஞ்சுளிப்பர். பேச்சுத் தமிழும், பார்சிச் சொல்லும், போர்த்துகேசியச் சொல்லும் அதில் கலந்து கிடக்கும். ஆயினும் நம் உரைநடையில் அன்றைய வீதியின் ஓசை அவ்வளவு தெளிவாகக் கேட்கும் நூல் வேறொன்று உண்டோ என ஐயுறுகின்றேன். கப்பல் வந்த நாழிகை, துணியின் விலை, கவர்னர் சினந்த சினம், அவர் மனைவியார் செய்த சூழ்ச்சி, குண்டு விழுந்த தெரு, மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடிய மக்கள் ஆகிய யாவும் அதில் உள.

1748-ஆம் ஆண்டு ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட்டான். அவ்வாண்டு செப்டம்பரில், அம்முற்றுகையைக் காரணங்காட்டி, இயேசு சபையாரின் மாதா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பெற்றது. கோவிலார் கலங்கிப் பிள்ளையிடம் வந்தனர். கவர்னரின் வலக்கையென நின்ற அவரால் அதனைத் தடுக்க இயலவில்லை. காரைக்கால் தலைமைக் குருவாகிய கெர்து சுவாமியார் கருவறையுட் புகுந்து இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தனர் என்றும், கவர்னரின் மனைவியார் அங்கு வந்து அதற்கு ஊக்கமளித்தனர் என்றும் நாட்குறிப்பு பதிகின்றது.

இப்பகுதியைக் கிறிஸ்தவனாகிய யான் எளிதிற் படித்துக் கடக்க இயலவில்லை. அக்கெர்து சுவாமியாரே, வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகட்கும் உள்ள உறவை 1767-இல் பாரிசுப் புலவர்க்கு எழுதி அறிவித்த பேரறிஞர். மொழிநூல் கற்பார் அவரைப் போற்றாதிருத்தல் இயலாது. கல்வியும் கருணையும் ஒருவரிடத்தே சேர்ந்தே இருக்குமென்று நாம் எண்ணுவது எவ்வளவு தவறு! எழுதியவர் பகைமை கொண்டவர், ஆதலின் மிகைப்படுத்தினார் என்று சிலர் கூறக்கூடும். ஆயினும் ஆலயம் இடிந்தது மிகையன்று. பிள்ளையும் குற்றமற்றவர் அல்லர். இடிப்பித்த கவர்னரின் புகழை வேறு பக்கங்களில் அவரே வானளாவ எழுதியுள்ளார்; பதவியை விட்டு விலகவும் இல்லை. ஆனால் கண்டதையும் கேட்டதையும் அவர் மறைக்கவில்லை.

இக்காலத்தில் இத்தொழிலைச் சலனப் படங்கள் ஏற்றுள்ளன. யூத மக்களை ஜெர்மானியர் கொன்றொழித்த கொடுமையைப்பற்றிப் பிரெஞ்சுக்காரராகிய கிளாட் லான்ஸ்மான் 1985-இல் வெளியிட்ட ‘ஷோவா’ என்னும் படம் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. அதில் பழைய யுத்தப் படச்சுருள் ஒன்றேனும் இல்லை, பிணக்குவியலும் காட்டப்பெறவில்லை. உயிர்தப்பியோர், அருகிருந்து பார்த்தோர், கொடுமை செய்தோர் ஆகியோரின் வாய்மொழியும், இன்று புல் முளைத்துக் கிடக்கும் அவ்விடங்களுமே படம். வேலிக்கு அப்பால் நடந்ததை அறிந்தும் தம் வயலை உழுதுகொண்டிருந்த கிராமத்தார் பேசும் பகுதிகளே என்னை மிகவும் வருத்துவன. பிள்ளையின் நாட்குறிப்பும் அத்தகையதே. அருகிருந்து பார்த்தவனின் வாக்குமூலம் அது. சொல்பவனையும் சேர்த்தே அது காட்டிக்கொடுக்கின்றது.

நிற்க. துய்ப்ளே 1754-இல் திருப்பியழைக்கப்பெற்றார். 1756-இல் பிள்ளையும் பதவியிழந்தார், உடல்நலமும் குன்றியது. 1758-இல் வந்த லாலி என்னும் தளபதி, சாதி முறைமை எதனையும் நோக்காது மக்களைப் பிடித்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் ஏவினான். 1760 சனவரி 22-ஆம் நாள் வந்தவாசியில் அவன் தோற்றான். பெருமுக்கல் முதலிய கோட்டைகள் ஒவ்வொன்றாய் ஆங்கிலர் வசமாயின. பின்னர்ப் புதுவை முற்றுகை தொடங்கியது. நகரில் உணவு அருகவே, அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஆண், பெண், குழந்தைகளாக ஏறத்தாழ 1,400 தமிழ்மக்களை லாலி கோட்டைக்கு வெளியே துரத்தினான். ஆங்கிலப் படையினர் அவர்களைத் தடுத்துத் திருப்பினர். திரும்பியவரைக் கோட்டையினர் சுட்டனர். எட்டு நாட்கள் அம்மக்கள் இரு படைகட்கும் இடையிலான வெளியில் புல்லின் வேரைத் தோண்டித் தின்று திரிந்தனர். இறுதியில் ஆங்கிலத் தளபதி கூட் வழிவிட்டான். ஆங்கிலச் சரித்திராசிரியர் ஆர்ம் இதனை எழுதிவைத்தார். அவர்கள் எவ்வூர்க்குச் சென்றனர், எத்தனை பேர் பிழைத்தனர் என எவரும் எழுதவில்லை. புதுவையை விட்டு வெளியேறுவோர்க்கு முதலில் எதிர்ப்படுவன நம் வானூர்ப் பக்கத்து ஊர்களே அல்லவா? அவற்றுள் ஏதேனும் ஓர் ஊரார் அவர்கட்குக் கஞ்சி வார்த்திருப்பர் என்று எண்ணிக்கொள்கின்றேன்.

பிள்ளை அந்நகரிலேயே நோயுற்றுக் கிடந்தார். இறுதிக் காலத்துக் குறிப்புகளிற் பிறர் கையெழுத்தும் கலந்துள்ளது. 1761 சனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்னரே அவர் கண்மூடினார். 16-ஆம் நாள் புதுவை சரணடைந்தது. ஆங்கிலர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். வேதபுரீசுவரர் ஆலயத்தை அடுத்து நின்ற அந்த மாதா கோவிலும் அவ்விடிபாட்டிலிருந்து தப்பவில்லை. ஆலயமும் பின்னாளில் வேறிடத்தில் எழுந்தது. மாதா கோவிலும் 1791-இல் மீண்டும் கட்டி முடிக்கப்பெற்றது.

நாட்குறிப்பேடுகள் எண்பத்தைந்து ஆண்டுகள் வீட்டிலேயே உறங்கின. 1846-இல் கலுவா மொம்பிரான் என்னும் பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டு படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தார் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது அதற்குப் பின்னரே. தமிழர் எழுதியதைத் தமிழர் ஆங்கிலத்திற் படித்த அவ்விந்தையைத் தமிழ் மாணவர் நினைத்துப் பார்த்தல் நன்று. ஆனந்தரங்கரின் மாளிகை இன்றும் புதுவைக் கடைத்தெருவின் அருகே நிற்கின்றது. அதன் வாயிலில் நின்று பார்த்தால், காய்கறி வாங்கச் செல்வோர் கூட்டம் ரங்கப்பிள்ளை தெரு நெடுகச் செல்வது தெரியும்.