தேடிக் கண்டடைந்தவர்: மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம்

இறைவனைத் தேடுதல் மாந்தர் அனைவர்க்கும் உரிய பிறப்புரிமை. ஆயினும் நம் நாட்டில் அவ்வுரிமை நம் முன்னோர்க்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. நாம் வாழும் இச்செங்கற்பட்டுக் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் உளது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பதி அது. இத்தகைய கோயில்களைச் சூழ்ந்த வயல்களில் நாற்று நட்டுக் கதிர் அறுத்த நம் பாட்டன்மார், விளைந்த நெல் சென்ற இடத்திற்குத் தாம் செல்ல இயலாதவராய் இருந்தனர். சென்னை மாகாணம் முழுவதிலும் கோயிற் கதவுகளை எல்லார்க்கும் திறந்துவிட்ட சட்டம் 1947-ஆம் ஆண்டில்தான் வந்தது.

அச்சட்டத்திற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, கடவுளைக் கண்டே தீர்வது என்று கால்நடையாய்ப் புறப்பட்ட ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் எழுத விழைகின்றோம். அவர் நம் மாவட்டத்தார் அல்லர். குமரி முனையை அடுத்த மயிலாடியைச் சேர்ந்தவர். எனினும் அவர் பட்ட இழிவு நாம் பட்ட இழிவு. அவர் கண்ட விடிவு நம் இளைஞர் அறிய வேண்டிய விடிவு. அவர்தாம் மகாராசன் வேதமாணிக்கம்.

மகாராசன் சாம்பவர் குலத்தில் பிறந்தவர். அந்நாளில் மயிலாடி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அவ்வரசில் தாழ்த்தப்பட்டோர் நிலை சொல்லுந்தரமன்று. மனிதரை மாடுபோல் விற்றனர், வாங்கினர். பொது வழிகளில் நடக்கத் தடை. கோயிலை நெருங்கத் தடை. கூலியில்லா ஊழியம் செய்யக் கட்டாயம். தலைவரியும் சுமத்தப்பட்டது. அங்கு அடிமை முறை ஒழிந்தது 1855-ஆம் ஆண்டில். கோயில்கள் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12-ஆம் நாள் அரச அறிக்கையால். இவற்றையெல்லாம் காணாமலே மறைந்தவர் மகாராசன்.

பெயரில் மகாராசன்; வாழ்விலோ தெருவில் நிமிர்ந்து நடக்கவும் உரிமையற்றவர். ஆயினும் அவருள்ளத்தில் தணியாத ஒரு வேட்கை இருந்தது. சிறு தெய்வ வழிபாடும் பலியும் அவருக்கு அமைதி தரவில்லை. தில்லைக் கூத்தனின் தலத்திற்குச் சென்றால் அவ்வமைதி கிட்டும் என எண்ணினார். நந்தனார் வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இவ்வேட்கை புதிதன்று. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய அந்த அடியாரின் வழியிலேயே மகாராசனும் தில்லைக்குப் புறப்பட்டார். உறவினராகிய இளைஞர் ஒருவர் உடன் சென்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி அது. புகைவண்டி இல்லை, நல்ல சாலையும் இல்லை. நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை நடந்தே கடந்தனர்.

தில்லையில் அவர் தேடியது கிட்டவில்லை. உள்ளே செல்ல வழியில்லை. வெளியே கண்டவையோ மனத்தைப் புண்படுத்தின. இவ்விடத்தை விட்டு நீங்குமாறு கனவொன்றில் ஏவப்பட்டார் என்று மரபு கூறுகிறது. வந்த வழியே வீடு திரும்புவதற்கு முன், தஞ்சையில் வாழ்ந்த உறவினரைக் காணச் சென்றார். அங்கேதான் அவர் வாழ்வு திரும்பியது.

தஞ்சையில் நெடுங்காலம் தொண்டாற்றிய சுவார்ட்சு ஐயர் 1798-இல் மறைந்திருந்தார். அவரால் வளர்க்கப்பெற்ற கோலாப் ஐயர் திருச்சபையை நடத்திவந்தார். மகாராசன் அத்திருச்சபையின் ஆராதனையைக் கண்டார். வாயிலில் தயங்கி நின்ற அவரை எவரும் விரட்டவில்லை. உள்ளே அமரச் செய்தனர். பாவியைத் தேடி வந்த கடவுளைப் பற்றிய போதனையைக் கேட்டார். தாம் கடவுளைத் தேடுவதாக எண்ணி இத்தனை தொலைவு நடந்தவர்க்கு, கடவுள் தம்மைத் தேடுகின்றார் என்னும் செய்தி எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். சில காலம் தங்கிக் கற்று, கோலாப் ஐயர் கையால் திருமுழுக்குப் பெற்றார். வேதமாணிக்கம் என்னும் பெயர் பூண்டார்.

கண்டதைத் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. தஞ்சையிலேயே தங்கியிருந்தால் இன்னலின்றி வாழ்ந்திருக்கலாம். அவரோ மறை நூல்களைச் சுமந்து மயிலாடிக்குத் திரும்பினார். உற்றாரிடம் எடுத்துரைத்தார். எள்ளி நகையாடினோர் பலர். செவி சாய்த்தோர் சிலர். அச்சிலரே ஒரு சபையாகக் கூடினர். திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபையின் வித்து ஊன்றப்பட்டது இவ்வாறே. அவ்வித்தை ஊன்றிய கை நம்மவர் ஒருவரின் கை என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அயல்நாட்டார் வந்து நம்மை எழுப்பினர் என்பர். மயிலாடியிலோ, முதலில் எழுந்த நம்மவர்தாம் அயல்நாட்டாரை அழைத்தனர்.

போதகர் ஒருவர் வேண்டுமென்ற வேதமாணிக்கத்தின் இடைவிடா வேண்டுகோள் வீண்போகவில்லை. இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்னும் செருமானியர் 1804-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் பயின்றார். அவர் 1806 ஏப்ரல் 25-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் நுழைந்து மயிலாடியை அடைந்தார். ஆலயம் எழுப்ப அரசின் இசைவு எளிதிற் கிட்டவில்லை. 1808-ஆம் ஆண்டின் இறுதியில் வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சி மூண்டது. கிறித்தவராயினோர் ஆங்கிலேயரின் ஆட்கள் என்னும் ஐயத்திற்கு ஆளாயினர். ஒளிந்து வாழ நேர்ந்தது. கிளர்ச்சி ஓய்ந்தபின், 1809 செப்டம்பரில் மயிலாடியில் ஆலயம் திறக்கப்பெற்றது. கோயில் வாயிலை அணுகவொண்ணாத மக்கள் தமக்கென ஓர் ஆலயத்தைப் பெற்றனர். அதே ஆண்டில் தோன்றிய மயிலாடிப் பள்ளியையே நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் உரைத்தல் வேண்டும். சபைக்கு வந்தோர் அனைவரும் கடவுளைத் தேடி வந்தோர் அல்லர். தலைவரியும் ஊழியமும் நீங்கும், வழக்குகளில் துணை கிட்டும் என எண்ணி வந்தோரும் உளர். ரிங்கல்தௌபே இதனை எண்ணி மனம் நொந்தார். நாம் அம்மக்களைப் பழிக்க மாட்டோம். நுகத்தின்கீழ் நசுங்கியவன் விடுதலையை நாடுவது பாவமாகாது. ஆனால் பயன் கருதி வந்தோர், பயன் கிட்டாதபோது விலகினர். முழு உள்ளத்தோடு தேடிய வேதமாணிக்கமோ இறுதிவரை நிலைத்தார். இவ்வேறுபாடே அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

1816-இல் நோயுற்ற ரிங்கல்தௌபே மயிலாடியை விட்டுக் கப்பலேறினார். பின்னர் அவர் என்னவானார் என்பதை உலகம் அறியவில்லை. புறப்படுமுன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்புவித்தார். தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிற் கூடிய சபையோருள் பிற குலத்தினரே மிகுதி. சாதி ஏற்றத்தாழ்வு சபைக்குள்ளும் தலைகாட்டிய காலம் அது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் கிறித்தவர் நடுவே சாதி வேற்றுமை வேரூன்றியிருந்ததால்தான், 1833-இல் பிஷப் வில்சன் அதனை அறவே ஒழிக்குமாறு கட்டளையிட நேர்ந்தது. அத்தகைய நாளில் சாம்பவர் ஒருவர் பல குலத்தார்க்கும் மேய்ப்பராய் நின்றார். சம்பளம் தர மிஷனரி இல்லை. காக்கத் துரைமார் அருகில் இல்லை. சபைகள் சிதறாமற் காத்தது அவரது பற்றுறுதியே. 1818-இல் மீட் ஐயர் வந்தபோது, அவர் கட்டியெழுப்பக் கருதிய பணிக்கு அடித்தளம் ஆயத்தமாய் இருந்தது. 1827-ஆம் ஆண்டில் வேதமாணிக்கம் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகின்றன. அவர் வெளியே நின்ற தில்லையிலேயே 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகட்குப் பள்ளி கண்டார். ஒருவர் கிறித்தவர், மற்றவர் சைவர். இருவரும் கடவுளை நாடியதன் கனி கல்வியாய் விளைந்தது. நம் சங்கத்தில் இரு சமயத்தாரும் ஒரே பாயில் அமர்ந்து பணியாற்றுவதற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

இளைஞர்களே, 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவராகிய நம் உடன்பிறந்தோரைப் பட்டியல் இனத்தார்க்குரிய உரிமைகளினின்று விலக்கியது. சில ஊர்களில் கல்லறையிலும் சாதிச்சுவர் நிற்கிறது. இவற்றை எதிர்த்துப் போராடுதல் நம் கடன். போராடும்போது வேதமாணிக்கத்தை நினைவிற் கொள்ளுங்கள். மூடிய வாயிலின் முன் அவர் மனமுடைந்து அமரவில்லை, தேடலைக் கைவிடவுமில்லை. திறந்த வாயிலைக் கண்டபின் தாம் மட்டும் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளவுமில்லை. கற்றவரும் பதவி பெற்றவரும் ஊர் திரும்பி, பின்னால் நிற்போரைக் கைகொடுத்து அழைப்பதே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.