முள் சொன்ன உண்மை
(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

பெருந்துறைக்காரர்களுக்குச் சானடோரியம் என்னும் சொல் புதிதன்று. காசநோயாளிகள் எங்கெங்கிருந்தோ வந்து தங்கிச் சிகிச்சை பெற்ற இடம் அது. எங்கள் அப்பாருவும் அந்நோயால் வாடியவர். அவர் இருமத் தொடங்கினால், திண்ணையில் அமர்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவதைச் சிறு வயதில் கண்டிருக்கிறேன். நோய்க்கிருமியோடு நம் உடலின் செல்களே போர் புரிகின்றன என்று கண்டு சொன்ன ஒருவரைப் பற்றி வகுப்பில் கேட்டபோது, என் மனம் அந்தத் திண்ணைக்குத்தான் ஓடியது. அவர்தாம் இலியா மெச்னிகாஃப்.

இன்றைய உக்ரைன் நாட்டின் கார்கிவ் நகருக்கு அருகே, 1845ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். நான்காண்டுப் பட்டப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். நேப்பிள்ஸ் கடற்கரையில் தங்கிக் கடல்வாழ் உயிர்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஒடெசாவில் விலங்கியல் பேராசிரியரானார்.

படிப்பு எளிதாக வந்தது. வாழ்வு அப்படி வரவில்லை. 1869இல் அவர் மணந்த லுட்மிலா ஒரு காசநோயாளி. திருமணத்துக்கே அவரை நாற்காலியில் அமர்த்தித் தூக்கி வந்தனராம். 1873இல் அவர் இறந்தார். துயரம் தாங்காத மெச்னிகாஃப் உயிரை விடவும் துணிந்தார், நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். பிறகு மணந்த ஓல்கா இறுதிவரை அவருக்குத் துணை நின்றார்.

1882இல் பல்கலைக்கழகத்தில் ஏற்பட்ட அரசியல் குழப்பத்தால் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா நகருக்குக் குடும்பத்தோடு சென்றார். ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தனர். அவர் மட்டும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் லார்வாவின் உள்ளே செல்கள் அலைந்து திரிந்தன. இவை எதற்காக அலைகின்றன? உள்ளே புகும் பகையை வளைத்துக்கொள்ளத்தானோ? தோட்டத்து ரோஜாச் செடியில் முள்ளைப் பறித்து லார்வாவின் உடலில் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. மறுநாள் விடியலில் பார்த்தால், செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன!

விழுங்கு செல்கள் பற்றிய கொள்கை இவ்வாறு பிறந்தது. எதிர்த்தவர் பலர். நோயெதிர்ப்பு இரத்த நீரில்தான் இருக்கிறது, செல்லில் இல்லை என்று ஜெர்மானிய அறிஞர்கள் வாதிட்டனர். லூயி பாஸ்டர் 1888இல் பாரிஸில் தம் நிறுவனத்தில் அவருக்கு இடமளித்தார். 1908இல் நோபல் பரிசு மெச்னிகாஃபுக்கும், இரத்த நீர்க் கொள்கையினரான பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தாயின் பால் வழியே குட்டிக்கு எதிர்ப்பாற்றல் செல்வதைச் சுண்டெலிகளில் காட்டியவர் இந்த எர்லிக். கன்றுக்குச் சீம்பால் ஊட்டாமல் விடக்கூடாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். இரு தரப்பும் உண்மையின் பாதிப் பாதி என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மெய்ப்பித்தன.

அவருடைய மாணவர் ஹாஃப்கின் நம் நாட்டுக்கு வந்து, 1897இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே போட்டுப் பார்த்தார். கோவைப் பகுதியில் பிளேக் மாரியம்மன் கோயில்களைக் காணும்போதெல்லாம் இந்த ஆசிரியரும் மாணவரும் என் நினைவுக்கு வருவர்.

மெச்னிகாஃப் 1916இல் பாரிஸில் மறைந்தார். அவர் கண்ட விழுங்கு செல் காசநோய்க் கிருமியையும் விழுங்கும். ஆனால் பல வேளைகளில் அதனைக் கொல்ல இயலாது. கிருமி அச்செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். லுட்மிலாவின் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. எங்கள் அப்பாருவின் காலத்தில் இருந்தது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி அவர் எழுந்தார்; திண்ணைக்கும் ஆட்கள் திரும்பினர்.

நண்பர்களே, செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியின் முன் அமரும்போது, பதிவேட்டில் படம் வரைந்து கையொப்பம் வாங்கினால் போதும் என்று எழுந்துவிடுகிறோம். இனி இன்னும் சற்று நேரம் பார்ப்போம்.