மௌனமாகும் வயல்களும் றேச்சல் கார்சனும்

மானிப்பாயிலும் அதனை அடுத்த ஊர்களிலும் உள்ள தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விசிறப்படும் நஞ்சை நாம் மருந்து என்றே அழைத்து வருகிறோம். மருந்தென்றால் அதற்கு அளவு உண்டு. அளவை அறியச் சோதனையும் உண்டு. ஆனால் அந்தச் சோதனை வரம்போரத்துத் தவளைக்கும் சாரைப் பாம்புக்கும் உடும்புக்கும் செய்யப்பட்டதா என்று கேட்போர் மிகச் சிலரே. இத்தகைய கேள்வியை உலகின் முன் வைத்த றேச்சல் கார்சனின் வாழ்வை நினைவுகூர்வது இவ்வேளையில் பொருத்தமானதென நாம் கருதுகிறோம்.

1907ஆம் ஆண்டு மே 27ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். எழுத்தாளராக விரும்பிய அவர் பின்னர் உயிரியலின் பக்கம் திரும்பினார். 1929இல் வூட்ஸ் ஹோல் ஆய்வுகூடத்தில் அவர் தொடக்கத்தில் ஆராய்ந்தது ஊர்வனவற்றுள் ஒன்றான ஆமையின் நரம்பையே. 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். குடும்பப் பாரம் தோளில் ஏறியமையால் மேற்படிப்பைக் கைவிட்டு, மீன்வளத் திணைக்களத்தில் பணியில் அமர்ந்தார். 1951இல் வெளியான கடல் பற்றிய அவரது நூல் பெற்ற வரவேற்பு, அரச பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளராகும் துணிவை அவருக்கு அளித்தது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி. முதலான நஞ்சுகள் விமானங்களிலிருந்து பெருமளவில் தூவப்பட்டன. 1945இலேயே இதுபற்றி எழுத அவர் முன்வந்தபோதும் சஞ்சிகை ஒன்று ஏற்க மறுத்தது. 1958இல், நுளம்புக்கு மருந்தடித்தபின் பறவைகள் மடிந்ததாகத் தோழி ஒருவரிடமிருந்து வந்த கடிதம் அவரை மீண்டும் அப்பணியில் இறக்கியது. நான்கு ஆண்டு உழைப்பின் பயனாக 1962 செப்ரெம்பரில் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. அந்நூலை எழுதும்போதே மார்பகப் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. இரசாயனக் கம்பனிகள் அவரைப் பழித்தன. எனினும் ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு 1963இல் அவரது கருத்துகளுக்கு வலுச் சேர்த்தது. 1964 ஏப்ரல் 14ஆம் திகதி, 56ஆவது வயதில் அவர் காலமானார். எட்டு ஆண்டுகளின் பின் அமெரிக்கா விவசாயத்தில் டி.டி.ரி. பாவனையைத் தடைசெய்தது.

மலேரியா மீண்டும் பரவியதற்கு அவரே காரணம் எனக் குற்றஞ்சாட்டுவோர் இலங்கையையே உதாரணம் காட்டுவர். 1963இல் இந்நாட்டில் மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே; 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் வெற்றி கிட்டிவிட்டதென்ற நம்பிக்கையில் விசிறலும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டமையே இதற்கு முக்கிய காரணம். நோய்த்தடுப்புக்கான இரசாயனங்களை அடியோடு நிறுத்துமாறு கார்சன் கோரவில்லை. விளைவை அறியாமல் விசிறுவதையே அவர் எதிர்த்தார்.

அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும் தவளையின் கணக்கு தீரவில்லை. தோலினாலேயே நீரை உறிஞ்சி, தோலினாலும் சுவாசிக்கும் பிராணி அது. ஜேர்மனிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பங்கசுநாசினி ஒன்று சிபாரிசு செய்யப்பட்ட அளவிலேயே இளந்தவளைகள் அனைத்தையும் ஒரு மணி நேரத்தில் கொன்றது. புளோரிடாவின் அப்பொப்கா ஏரியில் 1980இல் பீடைகொல்லி கலந்ததையடுத்து முதலைகளின் இனப்பெருக்கம் சீர்குலைந்தது. மீனையும் பறவையையும் சோதித்து இவ்வினங்களின் பாதுகாப்பை ஊகிப்பது போதாதென ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் நிபுணர் குழு 2018இல் சுட்டிக்காட்டியது.

எமது குடாநாட்டில் வற்றாத நதி கிடையாது. சுண்ணக்கல்லினூடே இறங்கும் மழைநீரே எமது கிணற்று நீர். மாரியில் தவளை முட்டையிடும் வெள்ளவாய்க்காலும் நாம் குடிக்கும் கிணறும் ஒரே மழையினால் நிரம்புகின்றன. தவளை பூச்சியைத் தின்கிறது. சாரை எலியைத் தின்கிறது. சம்பளமின்றி உழைக்கும் இவ்விரு காவலர்களையும் கொன்றுவிட்டு மேலும் மருந்து வாங்குவது எந்த வகையில் இலாபம்?

1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் எம்மிடம் உண்டு. இலங்கையில் பதிவுக்கு வரும் ஒவ்வொரு நஞ்சும் இங்குள்ள தவளைக்கும் ஊர்வனவற்றுக்கும் என்ன செய்யும் என்பதும் அச்சட்டத்தின் வழியே ஆராயப்படல் வேண்டும். அம்முடிவுகள் விவசாயப் போதனாசிரியர் வாயிலாகத் தோட்டக்காரரைத் தமிழில் சென்றடையவும் வேண்டும். மருத்துவர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மானிப்பாய் மண்ணில் இது எட்டாத கோரிக்கையன்று. மாரி இரவில் தவளைச் சத்தம் குறைகிறதெனில், அதன் காரணத்தைத் தேடுவது தவளைகளின் நன்மைக்காக மட்டுமல்ல.