நாளமும் நரம்பும் அறிந்த அம்புரோஸ் பாரே

நரம்பு என்பது தமிழில் பழைய சொல். யாழில் கட்டிய தந்தியைச் சங்கப் புலவர்கள் நரம்பு என்றனர். இலையில் ஓடும் கோடுகளையும் நாம் நரம்பு என்றே வழங்குகின்றோம். குருதி எடுக்க வரும் செவிலியர் கையைத் தட்டித் தட்டிப் பார்த்து, நரம்பு அகப்படவில்லை என்று கூறுவதையும் கேட்டிருக்கின்றோம். மருத்துவ நூலார் இவற்றை வேறு பிரித்து வைத்துள்ளனர். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் நாளம் தமனி. அதனை மீட்டுக் கொணரும் நாளம் சிரை. உணர்ச்சியையும் இயக்கத்திற்கான ஆணையையும் ஏந்திச் செல்வதே நரம்பு. பண்டைக் கிரேக்கரும் தசைநாணையும் நரம்பையும் ஒரே சொல்லால் குறித்து மயங்கியதுண்டு.

சொல்லில் நேரும் மயக்கத்தால் பெருந்தீங்கு விளைவதில்லை. கருவி பிடித்த கையில் அம்மயக்கம் நேர்ந்தால் என்னாகும்? 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மன்னர் ஒருவரின் கைக்கு அவ்வாறு நேர்ந்தது. அக்கைக்கு மருத்துவம் செய்த அம்புரோஸ் பாரேயின் வரலாற்றை இங்கு நாம் காண்போம்.

நாவிதர் வரிசையில் தோன்றியவர்

பாரே, பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள லவால் நகரை அடுத்த சிற்றூரில், 1510ஆம் ஆண்டளவில் எளிய குடும்பத்தில் பிறந்தார். அந்நாளைய பாரிசில் மருத்துவம் மூன்று படிகளாக இருந்தது. இலத்தீன் கற்றுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மருத்துவர்கள் மேற்படியில் இருந்தனர். அவர்கள் நூலைப் படித்து ஆணையிடுவர். குருதியில் கை வைப்பதை இழிவெனக் கருதினர். புனித காசுமா கழகத்தைச் சேர்ந்த அறுவையாளர்கள் நடுப்படியில் இருந்தனர். முகம் மழிப்பதோடு கட்டியைக் கீறுதல், சிரையைத் திறந்து குருதி வடித்தல் ஆகியவற்றையும் செய்த நாவிதர்கள் கீழ்ப்படியில் இருந்தனர். நம் நாட்டிலும் நாவிதர்களை மருத்துவர் என்று அழைக்கும் வழக்கம் இருந்ததை இங்கு நினைவு கூரலாம்.

பாரே தொடங்கியது கீழ்ப்படியில். இலத்தீன் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் பாரிசின் ஓத்தேல் தியூ மருத்துவமனையில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பணிபுரியும் வாய்ப்பு வாய்த்தது. ஏழை நோயாளிகள் நிறைந்த அம்மனையே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

எண்ணெய் தீர்ந்த இரவு

1537ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் படை இத்தாலியின் துரின் நகர் நோக்கிச் சென்றபோது பாரேயும் உடன் சென்றார். துப்பாக்கிக் காயங்களில் வெடிமருந்தின் நஞ்சு கலந்துள்ளது என்பது அன்றைய நூலார் கொள்கை. அந்நஞ்சைப் போக்கக் கொதிக்கும் எண்ணெயைக் காயத்தில் ஊற்றுவர். இளைஞரான பாரேயும் அவ்வாறே செய்து வந்தார். ஒரு நாள் காயமுற்றோர் மிகுந்தனர். எண்ணெய் தீர்ந்து போயிற்று. வேறு வழியின்றி முட்டையின் மஞ்சள் கரு, பன்னீர்ப்பூத் தைலம், கற்பூரத் தைலம் ஆகியவற்றைக் கலந்து எஞ்சியோர் காயங்களில் இட்டார். அவர்கள் நஞ்சால் இறந்திருப்பார்களோ என்ற அச்சத்தில் அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து சென்று பார்த்தார். மென்மருந்து இடப்பெற்றோர் வலியும் வீக்கமும் குறைந்து உறங்கியிருந்தனர். எண்ணெய் ஊற்றப்பெற்றோரோ காய்ச்சலிலும் கடும் வலியிலும் துடித்துக் கொண்டிருந்தனர். இனி அக்கொடுமையைச் செய்வதில்லை என அவர் அங்கேயே உறுதி பூண்டார். நூலைவிடக் காயத்தை நம்பும் வழக்கம் அவரிடம் தோன்றிய நாள் அதுவே எனலாம். 1545இல் இது பற்றித் தம் முதல் நூலைப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதி வெளியிட்டார்.

சூட்டுக்கோலுக்கு மாற்று

பீரங்கிக் குண்டால் சிதைந்த காலை வெட்டி அகற்றுவதே அன்றைய போர்க்களத்தில் உயிர் காக்கும் வழி. தொடையில் ஓடும் பெருந்தமனி அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலை வெட்டுவாயில் வைத்து அழுத்துவர். நாளத்தின் வாய் கருகி அடைபடும். ஆனால் கருகிய பொருக்கு சில நாளில் உதிரும்போது குருதி மீண்டும் பீறிடுவதுண்டு. மீண்டும் சூடு வைக்க வேண்டும். தசையும் நரம்பும் வெந்து, புண் ஆறப் பல மாதங்கள் ஆகும். இவ்வேதனையைத் தாங்காமல் மாண்டவர் பலர்.

பாரே வேறு வழியை நாடினார். வெட்டும் இடத்திற்கு மேலே வலிய பட்டையால் இறுகக் கட்டினார். தோலும் தசையும் மேலே இழுபட்டு நிற்றல், குருதி குறைதல், நரம்பு அழுந்தி உணர்ச்சி மங்குதல் என மூன்று பயன்கள் அதனால் விளைந்தன. வெட்டிய பின்னர், காக்கை அலகு போன்ற இடுக்கியால் நாளத்தின் முனையைப் பற்றி வெளியே இழுத்து நூலால் கட்டினார். 1552இல் தன்வில்லே முற்றுகையின்போது கால் சிதைந்த ஒருவருக்கு இம்முறையைக் கையாண்டார். சூடு படாமல் பிழைத்த அவர், மரக்காலுடன் மனம் மகிழ்ந்து ஊர் திரும்பினார். 1564இல் வெளியான பத்து அறுவை நூல்களில் பாரே இம்முறையை விரித்துரைத்தார். முன்பு தாமும் சூடு வைத்ததற்கு வருந்தினார்.

நாளத்தை நூலால் கட்டுவது பாரே கண்டுபிடித்ததன்று. கிரேக்க மருத்துவர் கேலன் அதனை அறிந்திருந்தார். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் அத்தஸ்ரீஃப் எனும் பெருநூலில், தமனிக் குருதியை நிறுத்தும் வழிகளுள் நூலால் கட்டுதலையும் ஒன்றாகக் கூறியுள்ளார். 12ஆம் நூற்றாண்டில் அந்நூலின் அறுவைப் பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா எங்கும் பரவியது. காயத்திற்கு உரியதாக இருந்த அம்முறையை உறுப்பு நீக்கத்திற்குக் கொணர்ந்து, துணிந்து செய்து காட்டியதே பாரேயின் பெருமை.

மன்னரின் கை

ஒன்பதாம் சார்லஸ் 1560 முதல் 1574 வரை பிரான்சை ஆண்டவர். அவருக்குக் காய்ச்சல் கண்டபோது கையில் குருதி வடிக்க முடிவு செய்தனர். முழங்கையின் முன்மடிப்பே அதற்குரிய இடம். அங்குச் சிரை மேலாக ஓடும். அதனை ஒட்டித் தோலுக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்புகள் ஓடும். அவற்றின் அடியில் மெல்லிய தசைநார்த் திரையை அடுத்துக் கையின் பெருந்தமனியும், கட்டைவிரல் பக்கத்து விரல்களை ஆளும் நடுநரம்பும் கிடக்கும். விரற்கடை இடத்தில் மூன்றும் அண்டை வீட்டார். குருதி வடித்தவரின் கருவி சிரையைத் தாண்டி நரம்பைத் தீண்டியது. மன்னர் அலறினார். கையில் எரிச்சலும் வலியும் பரவின. கை மடங்கி இறுகியது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் அதனை மடக்கவும் நீட்டவும் இயலவில்லை.

சிறு குத்துக்கு இத்தனை வலியா என எவரும் ஐயுறலாம். பாரே ஐயுறவில்லை. குத்துண்ட நரம்பே வலிக்குக் காரணம் என அறிந்தார். கட்டை உடனே தளர்த்தச் செய்தார்; கற்பூரத் தைலம் போன்றவற்றை வெதுவெதுப்பாக இட்டார்; பொறுமையாகப் பேணினார். கை முற்றும் நலமடைந்தது. 300 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பில் குண்டுபட்ட வீரர்களை ஆராய்ந்த சைலஸ் வெயர் மிட்செல், 1864இல் இத்தகைய எரிவலியை விரிவாக எழுதினார். அந்நோய்க்கான பழைய சான்றுகளுள் ஒன்றாக மன்னரின் கை இன்றும் எண்ணப்படுகிறது.

இல்லாத காலில் வலி

பாரே குறித்து வைத்த மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தொடுவது. உறுப்பு நீக்கப்பட்டோர் நெடுநாள் கழித்தும் இல்லாத உறுப்பில் வலியை உணர்கின்றனர் என்று அவர் எழுதினார். அதனைப் பிதற்றல் என ஒதுக்கவில்லை. அறுபட்ட நரம்பின் முனைகளும், இழந்த உறுப்பிற்கு மூளையில் இன்னும் நிலைத்துள்ள இடமும் இவ்வலிக்குக் காரணமாவதை இன்றைய மருத்துவம் விளக்குகிறது.

எம் பெரியத்தா சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அந்நோய் பாதத்து நரம்புகளையும் தமனிகளையும் ஒருசேரத் தாக்கும். நரம்பு மரத்தால் காயம் தெரியாது. தமனி சுருங்கினால் காயம் ஆறாது. கால் போன பின்னர், இல்லாத பாதத்தின் சுண்டுவிரல் எரிகின்றது என்று இரவில் அவர் கூறுவார். மனம் தளர்ந்து பேசுகின்றார் என்றெண்ணி, காலே இல்லையே என்று ஆறுதல் கூறி நாம் விளக்கை அணைத்து விடுவோம். சில நாளில் அவர் கூறுவதை நிறுத்திக் கொண்டார். வலி நின்றுவிட்டது என நாம் மகிழ்ந்தோம். பாரேயின் வரலாற்றைக் கற்றபோதுதான், நின்றது வலியன்று, எம்மிடம் சொல்வதே என்பது விளங்கியது. அப்போது பெரியத்தா உயிருடன் இல்லை.

மருந்தின் கூறுகளை நான்காக வகுத்த வள்ளுவர், நோயாளியை முதலில் வைத்ததன் பொருத்தத்தையும் அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம். பாரேயும் நோயாளியாகக் கிடந்து அறிந்தவரே. 1561இல் குதிரை உதைத்து அவருடைய காலெலும்புகள் இரண்டும் முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்தன. பலரின் கால்களை நீக்கியவர் தம் காலை இழக்க நேருமோ என அஞ்சினார். கால் பிழைத்தது. அவ்வேதனையையும் அவர் நூலில் எழுதி வைத்தார். உறுப்பு இழந்தோர்க்கென மடங்கும் முழங்கால் உடைய செயற்கைக் காலையும், பற்சக்கரமும் வில்லும் பொருந்திய இரும்புக் கையையும் படம் வரைந்து வெளியிட்டார். அக்கையைச் செய்தவர் பாரிசின் பூட்டுத் தொழிலாளி ஒருவர்.

தாய்மொழியும் எதிர்ப்பும்

பாரே நான்கு மன்னர்களுக்கு அறுவை மருத்துவராக இருந்தார். இலத்தீன் அறியாதிருந்தும் 1554இல் புனித காசுமா கழகம் அவரை ஏற்றது. 1575இல் அவர் எழுதிய அனைத்தும் பிரெஞ்சு மொழியில் பெருந்தொகுதியாக வெளிவந்தபோது, பாரிஸ் மருத்துவப் புலத்தார் அதன் விற்பனையைத் தடுக்க முயன்றனர். நாவிதர் வழிவந்தவர் மருத்துவம் எழுதுவதா, அதனையும் மக்கள் மொழியில் எழுதுவதா என்பதே அவர்கள் உள்ளக் குமுறல். நாளம் கட்டுதலையும் புலத்தைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் இலத்தீனில் கண்டித்து எழுதினார். பாரே 1585இல் விடையிறுத்தார். வாதத்தோடு நில்லாமல், தாம் சென்ற போர்களையும் பிழைத்த வீரர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். தம் பங்கு கட்டுப்போட்டதோடு முடிந்தது, எஞ்சியது இறையருள் என்பதே அவர் பணிவு.

அவர் அறிவுக்கும் எல்லை இருந்தது. குருதி உடலைச் சுற்றி வருகிறது என்பதை அவர் அறியார். ஹார்வி அதனை வெளியிட்டது 1628இல். திருகி இறுக்கும் கட்டுக் கருவியை 1718இல் பெத்தி என்பார் அமைத்துத் தந்த பின்னரே நாளம் கட்டுதல் பெரிதும் பரவத் தொடங்கியது. எனினும் போர்முனைக்குச் செல்லும் எளிய நாவிதர் படித்துணரும் மொழியில் அவர் எழுதியதால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை.

தமிழிலும் அத்தகைய முயற்சி நடந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததோடு இரணவைத்தியம் முதலிய நூல்களையும் தமிழில் தந்தார். தமிழ் பயிலும் மாணவர்கள் இதனை மறத்தலாகாது.

1590இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டு மக்கள் பசியால் மடிந்தபோது, முதியவரான பாரே பேராயர் ஒருவரைப் பாலத்தின் மேல் வழிமறித்து, மக்களுக்காக அமைதி தேடுமாறு வேண்டினார். அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் மறைந்தார். கொதிக்கும் எண்ணெயால் துடித்த வீரனையும், கை மடங்கிய மன்னரையும், இல்லாத காலில் வலி என்றவரையும் அவர் ஒரே செவியால் கேட்டார். இன்று எம் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ ஒருவர் வலி என்று கூறினால், விளக்கை அணைக்குமுன் சற்று அமர்ந்து, எங்கே, எப்படி என்று நாம் கேட்கின்றோம். பாரே எமக்குக் கற்பித்தது அதுவே.