முதலாம் இராசேந்திர சோழன்

முதலாம் இராசேந்திர சோழன் முதலாம் இராசராசனின் மகனும், 1014 முதல் 1044 வரை ஆண்ட சோழப் பேரரசனும் ஆவான். கங்கை வரை சென்ற படையின் வெற்றி நினைவாக, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை நிறுவித் தலைநகராக்கினான்.

ஏறத்தாழ 1025 இல் இவனது கடற்படை சுமாத்திராவை மையமாகக் கொண்ட சிறீவிசயத்தைத் தாக்கியது. கடாரம் (மலேசியாவின் கெடா) வீழ்ந்தது. அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அதே மரபினர் எழுப்பிய நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். அக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரனே. நட்பு பகையானதற்குச் சீன வணிகத்தின் கடல்வழிப் போட்டியே காரணம் என வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். மெய்க்கீர்த்தி காரணம் எதையும் சொல்வதில்லை. வென்ற ஊர்களை மட்டும் அடுக்குகிறது. அவற்றில் சோழர் நேரடி ஆட்சி நிலைபெற்றதற்குச் சான்றில்லை. எனவே இதனை நாடு பிடித்தல் என்பதைவிடப் படையெடுப்பு என்பதே பொருந்தும்.

ஈழத்தில் நிலைமை வேறு. பிடிபட்ட ஐந்தாம் மகிந்தன் சோழநாட்டிலேயே சிறையிலிருந்து இறந்தான். பொலன்னறுவையில் சோழராட்சி 1070 வரை நீடித்தது.

கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் மதிற்கற்கள் 1836 இல் கொள்ளிடத்தின் கீழணை கட்டப் பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சிய கோயில் 2004 இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.