மண்ணில் தேரோட்டிய எக்செக்கியாஸ்

அரசர்களின் பெயரைக் கல்வெட்டுகள் காக்கின்றன. மண்பாண்டம் வனைந்தவரின் பெயரை யார் காப்பார்? தம் பெயரைத் தாமே காத்துக்கொண்ட குயவர் ஒருவர் உண்டு. அவரே எக்செக்கியாஸ்.

கி.மு. 550 முதல் 525 வரையிலான காலத்தில் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் தொழில் செய்தவர் இவர். இவருடைய பிறப்பையோ பெற்றோரையோ எந்த ஏடும் குறிக்கவில்லை. கலங்களே இவரது வரலாறு!

கலத்தை ஒருவர் வனைய, வேறொருவர் ஓவியம் தீட்டுவதும் அந்நாளில் வழக்கம். எக்செக்கியாஸோ இரண்டிலும் வல்லவர். தம்மை வனைந்தவரும் தீட்டியவரும் அவரே என்று கலங்களே சொல்வதுபோல அவர் பெயர் எழுதிய சாடிகள் இரண்டு இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்று வாத்திகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஒரு புறம், டிராய்ப் போரின் மாவீரர்களான அக்கிலீஸும் அயாக்ஸும் ஈட்டியைக் கைவிடாமலே காயாடுகின்றனர். மறுபுறம் நிற்கும் குதிரைக்கும் கில்லாரஸ் என்று பெயர் எழுதியிருக்கிறார். தம் பெயரின் அருமை அறிந்தவர் குதிரையின் பெயரையும் மறக்கவில்லை.

அவரது மை எது தெரியுமா? இரும்பு கலந்த களிமண்ணைக் கரைத்துத் தெளியவைத்த நுண்குழம்பே! சூளையில் முதலில் காற்றை விடுவர், பின் அடைப்பர், மீண்டும் திறப்பர். காற்று குறையும்போது இரும்பு ஆக்சைடு கறுக்கிறது. குழம்பு பூசிய இடம் கண்ணாடிபோல் இறுகிவிடுவதால் மறுபடி காற்று வந்தாலும் கறுப்பாகவே நிற்கிறது. மற்ற இடம் சிவக்கிறது. ஆய்வுக்கூடம் காணாத கைகள் செய்த வேதியியல் இது!

நான்கு குதிரைகள் பூட்டிய தேரைக் கறுப்பில் தீட்டினால் பதினாறு கால்களும் ஒன்றாகிவிடும். கூரிய முனையால் கீறிக் கீறியே கால், கடிவாளம், பிடரிமயிர் என்று பிரித்துக் காட்ட வேண்டும். சூளையில் வைத்தபின் திருத்தவும் வழியில்லை.

ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றுச் சரிவில், ஒரு கிணற்றில் உடைந்து கிடைத்த பெரிய மதுக்கலத்தை இவர் படைப்பென்றே அறிஞர் கொள்வர். பன்னிரு கடும்பணிகளை முடித்த ஹெராக்ளீஸ், அத்தீனா தேவியுடன் தேரில் தேவருலகம் செல்லும் காட்சி அதில் உள்ளது. உழைத்தவனுக்குத் தேர்!

கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணிய சிந்தனையாளர்கள் பிற்காலத்தில் அதே நாட்டில் தோன்றினர். ஆனால் 2500 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கைத்தொழிலாளரின் பெயர் அழியவில்லை. நண்பர்களே, உழைப்பவர் தம் பெயரை எழுதக் கற்றுவிட்டால் காலமும் அதை எளிதில் அழித்துவிடாது!